துண்டு வீசப்பட்ட இரவு

எனக்கும் என் நண்பர் ஒருவருக்கும் இடையில் பல ஆண்டுகளாக ஒரு வாதம் தீராமல் நடந்துவருகிறது. எம்.எம்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளின் தொடக்க காலத்தில், அதாவது விதிகளும் எடைப் பிரிவுகளும் இன்னும் கெட்டிப்படாத 1993 முதல் 2001 வரையிலான ஆண்டுகளில், ஆகப்பெரிய முன்னோடி வீரர் என்று யாரைச் சொல்வது என்பதுதான் அந்த வாதம். நண்பருக்கு இதில் சந்தேகமே கிடையாது. ஹாய்ஸ் கிரேசி என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். நானும் நெடுங்காலம் அதையே சொல்லிவந்தேன். 2000ஆம் ஆண்டு மே 1 அன்று டோக்கியோ டோம் அரங்கில் ஹாய்ஸுக்கும் ஜப்பானிய வீரர் கஸூஷி சகுராபாவுக்கும் இடையே நடந்த தொண்ணூறு நிமிடப் போட்டியை, துண்டு துண்டாக அல்லாமல், ஒரே அமர்வில் முழுமையாகப் பார்த்த பிறகுதான் என் எண்ணம் மாறியது. அந்த மாற்றத்தை நண்பரிடம் வாய்ப்பேச்சில் சொல்லி வெல்ல முடியவில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கிரேசி குடும்பத்தினர் பிரேசில் நாட்டவர்; எதிராளியைத் தரையில் கிடத்திப் பூட்டும் ஜூஜிட்சு அவர்களுடைய குடும்பக் கலை; அங்கே பேசப்படும் போர்த்துகீசிய மொழியில் சொல்லின் முதலில் வரும் ரகரம் ஹகரமாகவே ஒலிக்கும். ஆகவே ராய்ஸ், ரிக்சன், ரோரியன் என்று பலரும் எழுதும் பெயர்கள் உண்மையில் ஹாய்ஸ், ஹிக்சன், ஹோரியன் என்பவையே. நான் அவர்கள் அழைப்பதைப் போலவே எழுதுகிறேன்.

நண்பரின் கட்சியை நேர்மையாக எடுத்துவைப்பதுதான் முறை. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில், யு.எஃப்.சி. என்னும் எம்.எம்.ஏ. தொடரின் முதல் போட்டி நடந்தது. குத்துச்சண்டை, கராத்தே, சுமோ, கிக்பாக்ஸிங், டேக்வாண்டோ என்று வெவ்வேறு துறைகளிலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒரே இரவில் மூன்று போட்டிகளை வெல்பவருக்கு 50,000 டாலர் பரிசு. கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது என்பதைத் தவிரப் பெரிய கட்டுப்பாடுகள் இல்லை. முதல் போட்டியிலேயே சுமோ வீரர் டெய்லா டூலியின் முகத்தில் ஜெரார்ட் கோர்டோ விட்ட உதையில் பல் ஒன்று தெறித்துப் பறந்தது. இத்தகைய களத்துக்குள், வெள்ளைப் பருத்தி அங்கியை அணிந்துகொண்டு, ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள ஒல்லியான இளைஞர் ஒருவர் நடந்துவந்தார். போட்டியை அமைத்தவர்களில் ஒருவரான அவருடைய அண்ணன் ஹோரியன், குடும்பத்தில் மேலும் வலிமையான ஹிக்சன் இருக்கும்போதே, பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும் இந்தத் தம்பியைத்தான் களமிறக்கினார். ஒல்லியானவர் வென்றால்தானே வென்றது ஆள் அல்ல, கலை என்று உலகம் நம்பும்!

ஹாய்ஸ் வென்றார். ஒரு கையில் மட்டும் கையுறை அணிந்துவந்த குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன், தரையில் கிடத்தப்பட்டதும் அடி ஏதும் பெரிதாகப் படாத நிலையிலேயே தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். கட்டுமஸ்தான கென் ஷாம்ராக் 57 விநாடிகளில் கழுத்து நெரிபட்டுத் தட்டினார். இறுதிப் போட்டியில் கோர்டோ காதைக் கடித்தார்; அதற்கு ஈடாக ஹாய்ஸ் அவர் கழுத்தில் போட்ட பிடியைச் சற்றுக் கூடுதலான நேரம் விடாமல் வைத்திருந்தார். மூன்று போட்டிகளின் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்த இரண்டாம் யு.எஃப்.சி.யில் ஒரே இரவில் நான்கு பேரை வென்றார். டிசம்பரில், டல்சா நகரில் நடந்த நான்காம் யு.எஃப்.சி.யின் இறுதிப் போட்டியில், தன்னைவிட ஏறக்குறைய 35 கிலோ அதிக எடையுள்ள மல்யுத்த வீரர் டான் செவர்னுக்கு அடியில் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் மல்லாந்து கிடந்து, கடைசியில் தன் இரு கால்களாலேயே அவர் கழுத்தைப் பூட்டி வென்றார். செவர்னின் முகத்தைப் பாருங்கள்: தான் மேலே இருக்கிறோம், ஆகவே வென்றுகொண்டிருக்கிறோம் என்று எண்ணியிருந்த ஒருவருக்குத் தன்னைச் சுற்றி முடிந்துகொண்டிருக்கும் முடிச்சு என்னவென்றே புரியவில்லை.

இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கீழே கிடப்பவன் தோற்றவன் என்று உலகம் முழுவதும் ஊறிப்போயிருந்த எண்ணத்தை ஒரே ஆண்டில் மாற்றிக் காட்டியவர் அவர். ஆனாலும் அந்த வெற்றிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது ஓர் உண்மை உறுத்துகிறது. ஹாய்ஸ் வென்றவர்களில் பெரும்பாலோருக்கு அவர் என்ன செய்கிறார் என்பது தெரியாது. பூட்டையே பார்த்தறியாதவர் முன்னால் பூட்டுக்காரன் மந்திரவாதியாகத் தெரிவது இயல்பு. 1995 ஏப்ரலில், அந்த மந்திரம் என்னவென்று கற்றுக்கொண்டு வந்த கென் ஷாம்ராக்குடன் மீண்டும் மோதியபோது, 36 நிமிடங்கள் கடந்தும் இருவராலும் ஒன்றும் செய்ய முடியாமல் போட்டி சமநிலையில் முடிந்தது. அதன் பின் ஹாய்ஸ் அந்தக் களத்திலிருந்து விலகிக்கொண்டார். ஒரு கலை மற்றக் கலைகளை வெல்லும் என்று அவர் நிறுவினார். அது முன்னோடியின் வேலைதான். எனினும் இந்த விளையாட்டின் பெயரிலேயே இருக்கும் 'கலப்பு' என்னும் சொல்லுக்கு அவருடைய வழியில் இடமே இல்லை. கலப்பு தேவையில்லை என்பதுதான் அக்குடும்பத்தின் வாதமே.

கலப்பைக் கொண்டுவந்தவர்கள் வேறு சிலர் உண்டு. மார்க்கோ ஹுவாஸ் 1995இல் பால் வாரலான்ஸ் என்னும் மாமலையைக் கால்களில் உதைத்து உதைத்தே சாய்த்தார். கிக்பாக்ஸிங் வீரரான மாரிஸ் ஸ்மித், தரையில் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு மட்டும் மல்யுத்தம் கற்றுக்கொண்டு, 1997இல் மார்க் கோல்மனைக் களைப்படையச் செய்து வென்றார். ஃபிராங்க் ஷாம்ராக் 1999இல் டிட்டோ ஓர்டிஸை வென்ற போட்டியை, இன்றைய வீரரின் முழு வடிவமும் முதன்முதலாகத் தெரிந்த போட்டி என்றே பலரும் கருதுகிறார்கள். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. இவர்களில் ஒருவரை நண்பர் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ஹாய்ஸை வைத்து வாதிடும் ஒருவருக்கு நான் வைக்க வேண்டிய பதில் வேறு. அந்தப் பதில்தான் கஸூஷி சகுராபா.

1969இல் ஜப்பானின் வடக்கே அகிதா மாகாணத்தில் பிறந்தவர் சகுராபா. சுவோ பல்கலைக்கழகத்தில் மல்யுத்தம் பயின்றுவிட்டு, 1993இல் யு.டபிள்யு.எஃப். இன்டர்நேஷனல் என்னும் தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்தார். இங்கே தொழில்முறை மல்யுத்தம் என்பது முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட காட்சி மல்யுத்தம். எனினும் இந்த நிறுவனத்தின் பாணி தனி: கயிற்றில் ஏறிக் குதிக்கும் வேடிக்கைகளைத் தவிர்த்து, மெய்யான சண்டை போலவே தோன்றும்படி உதைகளும் பூட்டுகளும் கொண்டு அமைத்திருந்தார்கள். முடிவுதான் பொய்யே தவிரப் பயிற்சி பொய்யல்ல. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊரான விகனில் பில்லி ரைலியின் கூடத்தில் 'கேட்ச்' மல்யுத்தம் கற்ற பில்லி ராபின்சன் அங்கே பயிற்சியாளராக இருந்தார். சுரங்கத் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் ஒருவர் கையை ஒருவர் முறுக்கிப் பழகிய அந்தக் கலையில், எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து, மறுகையை அவர் மேற்கைக்குப் பின்னால் நுழைத்துத் தன் மணிக்கட்டையே பற்றிக்கொண்டு, அந்தக் கையை முதுகுப் பக்கமாகச் சுழற்றித் தோளைத் திருகும் பூட்டு ஒன்று உண்டு. இரட்டை மணிக்கட்டுப் பூட்டு என்று அங்கே அதற்குப் பெயர். சகுராபாவின் கையில் அது ஊறிப்போயிற்று.

இதே பூட்டுக்கு பிரேசிலில் வேறொரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1951 அக்டோபர் 23 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில், ஹாய்ஸின் தந்தையான எலியோ கிரேசி ஜப்பானின் மாபெரும் ஜூடோ வீரர் மசஹிகோ கிமுராவுடன் மோதினார். இரண்டாம் சுற்றில் கிமுரா இந்தப் பூட்டைப் போட்டார். எலியோ தரையைத் தட்ட மறுத்தார். கை முறுகிக்கொண்டே போனது. கடைசியில் அண்ணன் கார்லோஸ், தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் துண்டை வீசிப் போட்டியை முடிக்கவேண்டியதாயிற்று. தோற்ற குடும்பம் வென்றவரை மறைக்கவில்லை; அந்தப் பூட்டுக்கே 'கிமுரா' என்று பெயரிட்டு, தங்கள் மாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயரிலேயே கற்றுக்கொடுத்தது. தன்னைத் தோற்கடித்தவனின் பெயரைத் தன் பாடத்திட்டத்தில் எழுதிவைத்துக்கொள்ளும் பெருந்தன்மையை நான் வேறு எந்த விளையாட்டிலும் கண்டதில்லை; கிரேசி குடும்பத்தின் மீது எனக்குள்ள மதிப்பில் பாதி இதனால் வந்தது.

இனி 1997க்கு வருவோம். சகுராபாவின் மூத்த வீரரும், ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தின் பெரும் நட்சத்திரமுமான நொபுஹிகோ தகாதா அந்த ஆண்டு அக்டோபரில், பிரைடு என்னும் ஜப்பானிய எம்.எம்.ஏ. தொடரின் முதல் போட்டியில் ஹிக்சன் கிரேசியை எதிர்கொண்டு ஐந்து நிமிடத்துக்குள் கைப்பூட்டில் தோற்றார். அரங்கம் நிறைந்த ரசிகர்கள் முன்னிலையில் ஒரு தொழிலே தோற்றதைப் போல இருந்தது. மல்யுத்த வீரர்கள் நடிகர்கள், மேடைக்கு வெளியே அவர்களுக்குச் சண்டை தெரியாது என்ற பேச்சு எழுந்தது. இரண்டு மாதங்களுக்குப் பின், டிசம்பர் 21 அன்று யோகோஹாமாவில் நடந்த யு.எஃப்.சி. போட்டியில், தன்னைவிட மிகப் பெரிய உடலமைப்புக் கொண்ட பிரேசில் வீரர் மார்கஸ் சில்வேராவுக்கு எதிராகச் சகுராபா நின்றார். சில்வேராவின் குத்துகளுக்கு இடையே காலைப் பிடிக்கக் குனிந்தவரை, மயங்கி விழுகிறார் என்று எண்ணி நடுவர் போட்டியை நிறுத்திவிட்டார். சகுராபா கூண்டை விட்டு இறங்க மறுத்தார். காணொளியை மறுபடி பார்த்தபின் தீர்ப்பை ரத்துசெய்து, அதே இரவில் மீண்டும் மோதவிட்டார்கள். நான்கு நிமிடத்துக்குள் சில்வேராவின் கையைப் பூட்டிச் சகுராபா வென்றார். பின்பு ஒலிவாங்கியைப் பிடித்து, தொழில்முறை மல்யுத்த வீரர்கள் உண்மையில் வலிமையானவர்கள் என்று கூட்டத்திடம் சொன்னார். யோகோஹாமா அரங்கில் அது தற்பெருமையாக ஒலிக்கவில்லை. இரண்டு மாதமாகத் தலைகுனிந்திருந்த ஒரு தொழிலுக்கான வழக்காடல் அது.

பிரைடு போட்டிகளில் அவர் அடுத்தடுத்து எதிர்கொண்டவர்களின் பட்டியலைப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும். கார்லோஸ் நியூட்டன் ஜூஜிட்சு அறிந்தவர். 1998இல் இருவரும் தரையில் ஒருவர் பிடியை ஒருவர் அவிழ்த்து மாற்றிக்கொண்டே இருந்த போட்டியைச் சண்டை என்பதைவிட இரு வித்வான்கள் மாறி மாறி வாசித்த தனி ஆவர்த்தனம் என்றே சொல்லத் தோன்றுகிறது. முழங்கால் பூட்டில் சகுராபா வென்றார். 1999 ஏப்ரலில், மின்னல் வேகக் குத்துகளுக்குப் பேர்போன விட்டோர் பெல்ஃபோர்ட்டை உதைகளாலேயே அடக்கித் தீர்ப்பில் வென்றார். இவர்கள் எவரும் ஹாய்ஸின் பழைய எதிராளிகளைப் போல விவரம் அறியாமல் வந்தவர்கள் அல்லர். சகுராபா அறிந்தவற்றை அவர்களும் அறிந்திருந்தார்கள். ஆகவே தெரியாத ஒன்றைச் செய்து ஏமாற்ற அவருக்கு வழியில்லை. தெரிந்தவற்றையே எதிர்பாராத வரிசையில் செய்தார். கயிறு ஓரத்தில் கட்டிப்பிடித்திருக்கும்போது தன் கையைப் பிணையாகக் கொடுத்துவிட்டு, எதிராளி அதைப் பிடிக்கும் கணத்தில் திரும்பி அவர் கையைப் பூட்டுவார். தரையில் கிடப்பவரின் கால்களைத் தாண்டக் கரணம் அடிப்பார். காட்சி மல்யுத்தத்திலிருந்து இரு கைகளையும் ஒருசேர ஓங்கி அடிக்கும் அடியைக் கொண்டுவருவார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், எதிராளியோ அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வரப்போவது என்னவென்று குழம்பிக்கொண்டிருப்பார். பீரும் சிகரெட்டும் விடாத மனிதர் என்று பெயரெடுத்தவர் இதையெல்லாம் செய்தார் என்பது பயிற்சியாளர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்திருக்கும்.

1999 நவம்பரில் ஹாய்லர் கிரேசியை அவர் வென்ற போட்டியை என் வாதத்துக்குச் சான்றாக நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஹாய்லர் அவரைவிடப் பத்துக் கிலோவுக்கும் மேல் எடை குறைந்தவர். பூட்டில் சிக்கிய நிலையிலும் அவர் தட்டவில்லை, நடுவர்தான் நிறுத்தினார். அந்தப் பூட்டு கிமுரா என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொள்கிறேன். நடுவரின் முடிவால் கொதித்த கிரேசி குடும்பம், அடுத்த மோதலுக்குத் தனி விதிகளைக் கேட்டுப் பெற்றது. பதினைந்து நிமிடச் சுற்றுகள்; எத்தனை சுற்று என்ற வரம்பு கிடையாது; நடுவர் தாமாகப் போட்டியை நிறுத்தக் கூடாது; புள்ளிகளை எண்ணி வெற்றியாளரை அறிவிக்கக் கூடாது. ஒருவர் தட்ட வேண்டும், அல்லது அவர் தரப்பு துண்டை வீச வேண்டும். இரண்டாயிரமாவது ஆண்டின் பிரைடு கிராண்ட் பிரீ தொடரின் இரண்டாம் கட்டத்தில், ஒரே இரவில் இறுதிவரை சென்றால் மூன்று போட்டிகள் ஆடவேண்டிய நாளில், சகுராபா இந்த விதிகளுக்கு ஒப்புக்கொண்டார்.

அந்த இரவைத்தான் ஒரே அமர்வில் பார்த்தேன். முகமூடி அணிந்த மூவர் ஒரே உடையில் ரிங்கை நோக்கி நடந்துவருகிறார்கள். அவர்களில் சகுராபா யார் என்று கூட்டம் ஊகிக்க வேண்டும். எதிர்ப்புறம் கிரேசிகள் வழக்கம்போல ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து ரயில்பெட்டிகளைப் போல வருகிறார்கள். எண்பத்தாறு வயதான எலியோ ரிங்கின் அருகில் இருக்கிறார். முதல் பத்து நிமிடங்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கயிற்றோரமாக ஹாய்ஸ் பிடித்து நிற்கிறார், சகுராபா அவர் கையைத் துழாவுகிறார். முதல் சுற்றின் முடிவில் திடீரென்று ஹாய்ஸின் முழங்கால் பூட்டில் மாட்டுகிறது. மணி ஒலித்துக் காப்பாற்றுகிறது. பிறகு ஹாய்ஸ் கழுத்தைச் சுற்றி நெரிக்கும் பிடி ஒன்றைப் போடுகிறார். அது உண்மையிலேயே ஆபத்தானது. ஒரு கட்டத்தில் பிடியிலிருந்துகொண்டே சகுராபா ஹாய்ஸின் கால்சட்டையைக் கீழே இழுக்கப் பார்க்கிறார், அரங்கமே சிரிக்கிறது. துணுக்குக் காணொளிகளில் பார்த்தவர்களுக்கு இது கோமாளித்தனமாகத் தெரியும். தொடர்ந்து பார்த்தால் அதன் பயன் விளங்குகிறது: ஏழு ஆண்டுகளாக அந்த வெள்ளை அங்கியைச் சுற்றி ஒரு பயபக்தி வளர்ந்திருந்தது, அதை உடைக்காமல் அந்த மனிதரை உடைக்க முடியாது.

அங்கியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் கழுத்துப் பட்டையும் கையும் நெரிப்பதற்கு உதவும் என்பதால்தான் ஹாய்ஸ் அதை அணிந்தார். சகுராபாவோ அதையே கைப்பிடியாக்கிக்கொண்டார்; அங்கியைப் பிடித்து நிலைநிறுத்தி அடித்தார், இழுத்து முகத்தை மூடினார். ஹாய்ஸ் மல்லாந்து கிடந்து கால்களால் அழைத்தபோது, எல்லாரும் செய்ததைப் போலச் சகுராபா அந்தக் கால்களுக்குள் விழவில்லை. நின்றபடியே தொடைகளை உதைத்தார். ஒருவர் நிற்க ஒருவர் கிடக்கும் இந்த நிலையை ஜப்பானியர் 'இனோகி அலி நிலை' என்றே அழைக்கிறார்கள். 1976இல் டோக்கியோவில் முகமது அலிக்கு எதிராக மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகி பதினைந்து சுற்றுகளிலும் பெரும்பகுதி தரையில் கிடந்து அலியின் கால்களை உதைத்ததன் நினைவாக வந்த பெயர் அது. அன்று கிடந்தவர் உதைத்தார்; இந்த இரவில் நிற்பவர் உதைத்தார். ஹாய்ஸ் உலகுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் கீழே கிடப்பவன் தோற்றவன் அல்லன் என்பது. கிடப்பவனிடம் போய் விழ வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்று சகுராபா அதற்கு அடிக்குறிப்பு எழுதினார். இன்று எந்தக் கூண்டிலும், எதிராளி மல்லாந்து அழைக்கும்போது விலகி நின்று எழுந்து வா என்று கைகாட்டும் வீரரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது.

நான்காம், ஐந்தாம் சுற்றுகளில் உதை வாங்கிய காலை ஹாய்ஸ் ஊன்றும் விதமே மாறிவிடுகிறது. ஆனாலும் அவர் தட்டவில்லை, புலம்பவில்லை, ஒவ்வொரு மணிக்கும் எழுந்து வந்தார். ஆறாம் சுற்று முடிந்தபோது கடிகாரத்தில் தொண்ணூறு நிமிடங்கள் கழிந்திருந்தன. ஏழாம் சுற்றுக்கு அவரால் எழ முடியவில்லை. அவர் மூலையிலிருந்து துண்டு வந்து விழுந்தது. மரக்கானாவில் ஒரு துண்டு வீசப்பட்டதை ரிங்குக்குள்ளிருந்து பார்த்த எலியோ, ஏறத்தாழ நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தன் மகனுக்காக இன்னொரு துண்டு வீசப்படுவதை வெளியிலிருந்து பார்த்தார்.

ஏறக்குறைய நான்கு மாதங்கள் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று, ஹென்சோ கிரேசி வந்தார். அக்குடும்பத்தின் வீரர்களிலேயே குத்தும் உதையும் நன்றாகப் பழகியவர் அவர்; போட்டியும் ஏறக்குறைய சமமாகவே போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் சுற்றின் கடைசி விநாடிகளில், பின்னாலிருந்து பிடித்திருந்த ஹென்சோவின் கையைச் சகுராபா அதே இரட்டை மணிக்கட்டுப் பூட்டில் மாட்டிச் சுழன்றார், முழங்கை பிசகியது. ஹென்சோவும் தட்டவில்லை. பின்னர் ஒலிவாங்கியில், சாக்கு ஏதும் சொல்லாமல், அன்று தன்னைவிடச் சகுராபாதான் சிறந்தவர் என்று சொன்னார். ஜூடோ வழியாக 1951இல் பிரேசிலில் பெயர்பெற்ற ஒரு பூட்டு, விகன் சுரங்க ஊரின் வழியாக வேறொரு பாதையில் ஜப்பானுக்குப் போய், அதே குடும்பத்தின் முன்னால் மறுபடி வந்து நின்றது. டிசம்பரில் ஹயன் கிரேசியையும் வென்றபோது 'கிரேசி வேட்டைக்காரர்' என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. எனக்கு அந்தப் பட்டம் பிடிப்பதில்லை. வேட்டை என்றால் ஒரு பக்கம்தான் ஆபத்து.

நண்பர் இங்கே இரண்டு கேள்விகளை எழுப்புவார். சகுராபா பின்னாளில் வாண்டர்லே சில்வாவிடம் மூன்று முறை தோற்றாரே என்பது ஒன்று. தோற்றார்; 2001 மார்ச்சில் நடந்த முதல் தோல்வி இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்தது. எடைப் பிரிவு பொருட்படுத்தப்படாத காலத்தில், 85 கிலோ உடம்புடன் யாரை நிறுத்தினாலும் மோதிய ஒருவருடைய கட்டுப்போட்ட முழங்கால்களைப் பார்த்தால், அந்தத் தோல்விகள் வராமலிருந்திருந்தால்தான் வியப்பு. 2007இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹாய்ஸ் திரும்ப மோதித் தீர்ப்பில் வென்றாரே என்பது மற்றொன்று. அந்தப் போட்டிக்குப் பின் ஹாய்ஸின் பரிசோதனையில் ஊக்கமருந்து தென்பட்டதாகக் கலிபோர்னியா மாநில ஆணையம் அறிவித்தது. இருவருக்குமே நல்ல காலம் கடந்துபோயிருந்த அந்த இரவை நண்பரும்கூட அழுத்திப் பேசுவதில்லை. யு.எஃப்.சி. தன் புகழ் மண்டபத்தில் ஹாய்ஸை 2003இலும் சகுராபாவை 2017இலும் சேர்த்தது. இந்தப் பதினான்கு ஆண்டு இடைவெளியைச் சான்றாகக் காட்டுவதும் நண்பரின் வழக்கம். வரிசையில் முந்தி நிற்பதும் முன்னோடியாவதும் ஒன்றல்ல என்று நான் பதில் சொல்வேன். அதற்கு அவர், ஹாய்ஸ் இல்லையென்றால் சகுராபா யாரை வென்று பெயரெடுத்திருப்பார் என்று கேட்பார். இதற்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை.

ஆயினும் மே 1 இரவின் மீதிப் பகுதியை நான் இன்னும் சொல்லவில்லை. தொண்ணூறு நிமிடங்கள் மோதி வென்ற சகுராபா அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் எவரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அதே இரவில் அரையிறுதிக்காக மீண்டும் வெளியே வந்தார். எதிரே, ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கும் உக்ரைன் வீரர் இகோர் வொவ்சான்சின். சகுராபாவைவிட இருபது கிலோ அளவுக்கு எடை கூடியவர். மணி அடித்ததும் சகுராபா குனிந்து அவர் காலைப் பிடித்துத் தரையில் வீழ்த்தினார். சில நிமிடங்கள் அவர் வெல்லப்போகிறார் என்றே தோன்றியது. பிறகு உடல் ஒத்துழைக்க மறுத்தது. கைகள் தாழ்ந்தன, குத்துகள் விழத் தொடங்கின. பதினைந்து நிமிடம் முடிந்து, இன்னொரு சுற்று ஆட வேண்டும் என்று அறிவித்தபோது, இம்முறை அவருடைய மூலையிலிருந்து துண்டு வீசப்பட்டது.